ஒலியன் முதல் உரையாடல் வரை: ஆங்கில இலக்கிய மாணவர்கள் மொழியியலில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அஞ்சல் வழியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கும் சிலருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மொழியியல் தாள் சொல்லிக்கொடுக்கிறேன். நாடகத்தையும் கவிதையையும் ஆசையாகப் படிப்பவர்கள்கூட இந்தத் தாள் என்றால் முகம் வாடிப்போகிறார்கள். வருஷா வருஷம் ஆட்கள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிவைத்துப் பதில் சேர்த்திருக்கிறேன். ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். ஸ்பெல்லிங் கண்ணில் படாமல் இருந்தால்தான் காது வேலை செய்யும். வரிசையாகப் படியுங்கள், பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் வந்தவை தேவைப்படும்.

அக்கா, லிங்விஸ்டிக்ஸ்னா கிராமர்தானே? ஸ்கூல்ல படிச்சதையே ஏன் திரும்பப் படிக்கணும்?

பள்ளியில் படித்தது "இப்படி எழுது, அப்படி எழுதாதே" என்று சொல்லும் இலக்கணம். அதற்குப் பெயர் பிரிஸ்கிரிப்டிவ், விதிக்கிற இலக்கணம். மொழியியல் டிஸ்கிரிப்டிவ்: மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனித்து, அதற்குள் இருக்கும் ஒழுங்கை எடுத்து எழுதும். வாக்கியத்தைப் பிரிபொசிஷனில் முடிக்கக் கூடாது என்று பழைய பாடநூல்கள் சொல்லும். ஆனால் 'ஹூ ஆர் யூ டாக்கிங் டு' என்று கேட்காத ஆங்கிலேயர் கிடையாது. மொழியியல் படிப்பவர் அதைத் திருத்த மாட்டார், "ஆங்கிலத்தில் பிரிபொசிஷன் கடைசியில் தனியாக நிற்கலாம்" என்று குறித்துக்கொள்வார்.

அப்படியானால் தவறு என்று ஒன்றுமே இல்லையா என்று உடனே கேட்பார்கள். இருக்கிறது. 'பாய் தி டால் இஸ்' என்று அந்த மொழிக்காரர் யாருமே சொல்ல மாட்டார். இப்படிப்பட்ட தொடருக்கு முன்னால் ஓர் உடுக்குறி போடுவார்கள். புத்தகத்தில் அந்த நட்சத்திரத்தைப் பார்த்தால் அடிக்குறிப்பைத் தேடாதீர்கள், "இந்த மொழியில் இப்படி வராது" என்பதற்கான அடையாளம் அது.

ஃபொனெடிக்ஸ், ஃபொனாலஜி, மார்ஃபாலஜி, சின்டாக்ஸ், செமான்டிக்ஸ், ப்ராக்மாடிக்ஸ்... இத்தனை பேரை எப்படி ஞாபகம் வச்சுக்கிறது?

ஒரே வாக்கியத்தை எடுத்துக்கொண்டு சிறியதிலிருந்து பெரியதற்குப் போங்கள். 'தி கேட்ஸ் ஆர் ஸ்லீப்பிங்.' இதைச் சொல்லும்போது நாக்கும் உதடும் எங்கே போகின்றன என்பது ஃபொனெடிக்ஸ், ஒலியியல். அந்த ஒலிகளில் எது எதை ஆங்கிலம் வெவ்வேறாகக் கணக்கில் எடுக்கிறது என்பது ஃபொனாலஜி, ஒலியனியல். 'கேட்ஸ்' என்பது 'கேட்', 'ஸ்' என்ற இரண்டு துண்டு என்பது மார்ஃபாலஜி, உருபனியல். சொற்கள் ஏன் இந்த வரிசையில் நிற்கின்றன என்பது சின்டாக்ஸ், தொடரியல். பூனைகள் தூங்குகின்றன என்ற பொருள் செமான்டிக்ஸ். சத்தம் போடும் பிள்ளையைப் பார்த்து ஓர் அம்மா இதைச் சொன்னால் "வாயை மூடு" என்று அர்த்தமாகிறதே, அது ப்ராக்மாடிக்ஸ்.

தொல்காப்பியத்தின் எழுத்து, சொல், பொருள் என்ற மூன்று அதிகாரங்களோடு இதைப் பொருத்திப் பார்க்க ஆசை வரும். முதல் இரண்டு ஓரளவு பொருந்தும். மூன்றாவது பொருந்தாது. பொருளதிகாரம் பேசுவது அகம், புறம், செய்யுள், அணி பற்றி. அதை செமான்டிக்ஸ் என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள்.

இங்கிலீஷ்ல அஞ்சு வவல்தானே? புக்ல இருபதுன்னு போட்டிருக்கே?

ஐந்து என்பது எழுத்துக் கணக்கு. இருபது என்பது ஒலிக் கணக்கு. இந்தத் தாளில் வரும் குழப்பத்தில் பாதி இந்த ஓர் இடத்தில்தான் பிறக்கிறது, அதனால் நிதானமாகப் பாருங்கள். ஆங்கில நெடுங்கணக்கின் முதல் எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கேட், கேக், கார், பால், அபௌட்: பூனை, தின்பண்டம், வண்டி, பந்து, 'பற்றி'. ஐந்து சொல்லிலும் அதே எழுத்து, ஐந்திலும் வேறு வேறு ஒலி. தமிழில் எழுதும்போது எனக்கே கே, கே, கா, பா, அ என்று மாற்றி மாற்றி எழுதவேண்டியிருந்தது. அப்போதும் பூனைக்கும் கேக்குக்கும் வித்தியாசம் காட்ட முடியவில்லை.

பிரிட்டனில் ஆர்.பி. (ரிசீவ்ட் ப்ரனன்சியேஷன்) என்று சொல்லப்படும் உச்சரிப்பை வைத்து நம் பாடநூல்கள் 44 ஒலி என்று சொல்கின்றன: 24 மெய், 20 உயிர். அந்த இருபதில் 12 தனி உயிர், 8 டிஃப்தாங். அமெரிக்கரிடமோ ஸ்காட்லாந்துக்காரரிடமோ எண்ணினால் வேறு எண் வரும். அதனால் பதிலில் "ஆர்.பி.-யில்" என்ற ஒரு சொல்லைச் சேர்த்து எழுதுங்கள்.

இதில் உடனடியாக ஒரு லாபமும் உண்டு. 'அன் அவர்' என்கிறோம், 'அ யுனிவர்சிட்டி' என்கிறோம். எழுத்தைப் பார்த்தால், உயிருக்கு முன் 'அன்', மெய்க்கு முன் 'அ' என்ற விதி தலைகீழாகத் தெரியும். ஒலியைக் கேட்டால் சரியாக இருக்கிறது: 'அவர்' உயிரில் தொடங்குகிறது, 'யுனிவர்சிட்டி' ய் என்ற மெய்யில் தொடங்குகிறது.

டிஃப்தாங்னா ரெண்டு வவல் எழுத்து பக்கத்துல பக்கத்துல வர்றதா?

இல்லை. இதுவும் மேலே சொன்ன எழுத்து–ஒலிக் குழப்பம்தான். 'ஹெட்' என்ற சொல்லில் இரண்டு உயிரெழுத்து இருக்கிறது, ஒலி ஒன்றுதான். அப்படி எழுத்து இரட்டையாக வருவதை டைக்ராஃப் என்பார்கள். 'மை' என்பதில் உயிர் ஒலிக்கு ஓர் எழுத்துதான், ஆனால் ஒலி ஆ-வில் கிளம்பி இ-யை நோக்கி வழுக்குகிறது. அப்படி வழுக்குவதுதான் டிஃப்தாங். நம் ஐ, ஔ இரண்டும் அந்த வகை.

ஃபோனீம்னா ஒலின்னுதானே அர்த்தம்? அப்புறம் ஃபோன்னு தனியா எதுக்கு?

வாயிலிருந்து வருகிற எந்த ஒலியும் ஃபோன். சொல்லின் பொருளையே மாற்றுகிற ஒலி ஃபோனீம், தமிழில் ஒலியன். துணியில் குத்துகிற பின் ஒன்று, குப்பை போடுகிற பின் ஒன்று. பாருங்கள், தமிழில் எழுதியதும் இரண்டும் ஒரே மாதிரி விழுந்துவிட்டன. ஆங்கிலக் காதுக்கு இவை இரண்டு சொல், ஏனென்றால் முதல் ஒலிகள் இரண்டும் அங்கே தனித்தனி ஒலியன்கள்.

தமிழில் அந்த இரண்டு ஒலியும் இல்லாமல் இல்லை. 'பம்பரம்' என்று மெதுவாகச் சொல்லுங்கள். முதல் ப குத்துகிற பின்னில் வருவதற்கு நெருக்கமானது (சின்ன வித்தியாசம் அடுத்த பதிலில்). ம்-க்கு அடுத்த ப குப்பைக்கான பின்னில் வருவது. இரண்டையும் நாம் தினமும் பேசுகிறோம், ஆனால் அவற்றை மாற்றிப் போட்டால் தமிழில் வேறு சொல் பிறக்காது, கேட்க விநோதமாக இருக்கும், அவ்வளவுதான். அதனால் ஓர் எழுத்தே போதும் என்று வைத்துக்கொண்டோம். 'பஸ்', 'பல்பு' மாதிரி கடன் சொற்கள் வந்தபின் இன்றைய பேச்சுத் தமிழில் கணக்கு கொஞ்சம் சிக்கலாகியிருக்கிறது. எதிர்ப்பக்கம் பார்த்தால் வலி, வளி இரண்டும் நமக்கு இரண்டு சொல். ஆங்கிலேயர் இரண்டிலும் ஒரே ஒலியைத்தான் கேட்பார்.

எழுதும்போது ஃபோனீமைச் சாய்கோடுகளுக்கு நடுவிலும், ஃபோனைச் சதுர அடைப்புக்குள்ளும் போடவேண்டும். இதை மாற்றிப் போட்டால் மார்க் போகும்.

அலோஃபோன் மட்டும் மண்டையில ஏறவே மாட்டேங்குது. இன்னொரு தடவை சொல்லுங்க அக்கா.

பஸ் டிக்கெட் அளவுக்கு மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டுப் பிடியுங்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர் 'பின்' என்று சொன்னால் அது பட்டென்று முன்னால் பறக்கும். 'ஸ்பின்' என்று சொன்னால் ஏறக்குறைய அசையாது. முதல் ப-வோடு ஒரு மூச்சுக் காற்று வருகிறது, ஸ்-க்குப் பின்னால் வரும் ப-வில் அது இல்லை. ஒலி இரண்டு; ஆனாலும் அவர் ஒன்று என்றே நினைக்கிறார், ஏனென்றால் இவற்றை மாற்றினால் பொருள் மாறாது. ஒரே ஒலியனின் இந்த இரண்டு வடிவங்களும் அலோஃபோன்கள், மாற்றொலிகள். ஒன்று வரும் இடத்தில் மற்றது வராது. இந்த இடப் பங்கீட்டுக்குத்தான் காம்ப்ளிமென்டரி டிஸ்ட்ரிபியூஷன் என்று பெயர்.

இதை வகுப்பில் முதல்முறை செய்துபார்த்தபோது யார் காகிதமும் அசையவில்லை. என்னுடையதும் அசையவில்லை. புத்தகம் தவறோ என்று ஒரு பெண் கேட்டாள். புத்தகம் சரி, நாம்தான் ஆங்கிலம் பேசும்போதும் மூச்சு இல்லாத தமிழ் ப-வையே போடுகிறோம். வகுப்பில் இந்தி தெரிந்த இன்னொருத்தி 'பல்' என்றாள், நொடி. அப்புறம் மூச்சைச் சேர்த்து 'ப்ஹல்' என்றாள், பழம். அவள் காகிதம் பறந்தது. ஆக, மூச்சு சேர்ந்த ப-வும் சேராத ப-வும் இந்தியில் இரண்டு ஒலியன், ஆங்கிலத்தில் ஒரே ஒலியனின் இரண்டு மாற்றொலி, தமிழில் மூச்சு சேர்ந்தது கிடையவே கிடையாது. இந்த மூன்று மொழி ஒப்பீட்டை விடைத்தாளில் எழுதினால் உங்களுக்குப் புரிந்திருக்கிறது என்று திருத்துபவருக்குத் தெரிந்துவிடும்.

மினிமல் பேர்னா ஒரே ஒரு எழுத்து மாறணும், அவ்வளவுதானே?

ஒரே ஒரு ஒலி, ஒரே இடத்தில் மாறவேண்டும், பொருளும் மாறவேண்டும். 'கட்', 'கப்' சரியான இணை. பார்க்கிற 'சீ'-யும் கடலான 'சீ'-யும் இணை ஆகாது: எழுத்து மாறுகிறது, ஒலி மாறவில்லை. 'ஆனாலும்' என்று பொருள்படும் 'தோ'-வும் போவதற்கான 'கோ'-வும் ஸ்பெல்லிங்கில் ஆறு எழுத்து, இரண்டு எழுத்து. காதில் கேட்டால் முதல் ஒலி மட்டும்தான் வேறு. அருமையான மினிமல் பேர்.

சிலபிளும் அசையும் ஒண்ணா? யாப்பிலக்கணத்துல படிச்ச அசைதானே?

மொழிபெயர்ப்பில் 'அசை' என்றே எழுதுகிறார்கள், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 'மலர்' யாப்பில் ஒரே நிரையசை. சிலபிள் கணக்கில் ம, லர் என்று இரண்டு. எத்தனை உயிர் ஒலி இருக்கிறதோ ஏறக்குறைய அத்தனை சிலபிள் என்று எண்ணுங்கள்.

ஆங்கிலத்தில் இதோடு ஸ்ட்ரெஸ் என்ற அழுத்தம் சேர்ந்துகொள்கிறது. 'ரெக்கார்ட்' முதல் சிலபிளில் அழுத்தினால் பெயர்ச்சொல், இரண்டாவதில் அழுத்தினால் வினைச்சொல். அழுத்தம் விழாத சிலபிளில் உயிர் சுருங்கி, வாயை அரைகுறையாகத் திறந்தது போன்ற ஒரு மங்கலான ஒலியாகிவிடும். அதுதான் ஷ்வா, ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிர் ஒலி. வாழைப்பழத்துக்கான 'பனானா'-வில் ஒரே எழுத்து மூன்று முறை வருகிறது, ஆர்.பி.-யில் நடுவில் உள்ளது மட்டும் முழு ஆ, மற்ற இரண்டும் ஷ்வா. நாம் மூன்றையும் முழுசாகச் சொல்கிறோம்.

மார்ஃபீமும் சிலபிளும் குழம்புது. எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சிலபிள் காதால் எண்ணுவது, மார்ஃபீம் பொருளால் எண்ணுவது. 'க்ராக்கடைல்' மூன்று சிலபிள், ஆனால் ஒரே மார்ஃபீம். முதலையை உடைத்தால் எந்தத் துண்டுக்கும் பொருள் இல்லை. 'கேட்ஸ்' ஒரே சிலபிள், ஆனால் இரண்டு மார்ஃபீம்: பூனை, பன்மை.

நமக்கு இது புதிதே இல்லை. எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ, செய்தான் = செய் + த் + ஆன் என்று பகுபத உறுப்பிலக்கணம் எழுதினோமே, அதே வேலைதான். பதத்தைப் பகுபதம், பகாப்பதம் என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே நன்னூல் பிரித்துவைத்திருக்கிறது. தனியாகவே சொல்லாக நிற்கக்கூடிய துண்டு ஃப்ரீ மார்ஃபீம், ஒட்டி மட்டும் வருவது பவுண்ட் மார்ஃபீம். 'அன்ஹேப்பினெஸ்' என்பதில் 'ஹேப்பி' மட்டும்தான் ஃப்ரீ.

ஒரு பொறியைக் கவனியுங்கள். 'டீச்சர்' கடைசியில் வரும் 'அர்' மார்ஃபீம்: கற்பிப்பவர். 'சிஸ்டர்' கடைசியிலும் அதே ஒலி வருகிறது, ஆனால் 'சிஸ்ட்' என்று ஒரு வேலை கிடையாது. உருவம் ஒத்துப்போனால் போதாது, பிரித்த துண்டுக்குப் பொருள் இருக்கவேண்டும்.

இன்ஃப்ளெக்ஷன், டெரிவேஷன் ரெண்டும் பின்னாலதான் ஒட்டுது. எப்படிப் பிரிக்கிறது?

புதுச் சொல் பிறந்தால் டெரிவேஷன்; அதே சொல் வாக்கியத்துக்குத் தக்கபடி உரு மாறினால் இன்ஃப்ளெக்ஷன். ஆங்கிலத்தில் இன்ஃப்ளெக்ஷன் ஒட்டுகள் எட்டே எட்டு: பெயருக்குப் பன்மையும் உடைமையும், வினைக்கு ஒருமைப் படர்க்கை 'ஸ்', இறந்தகாலம், 'இங்', பாஸ்ட் பார்ட்டிசிபிள், பெயரடைக்கு 'அர்', 'எஸ்ட்'. இவற்றை எண்ணிவைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் டெரிவேஷன். முன்னால் ஒட்டுபவை அனைத்துமே டெரிவேஷன்தான். 'டாலர்', அதாவது இன்னும் உயரமான, இன்ஃப்ளெக்ஷன், 'டீச்சர்' டெரிவேஷன். ஒலி ஒன்றுதான் என்று ஏமாறாதீர்கள்.

'டாக்ஸ்'னு, அதாவது நாய்கள்னு, சொல்லும்போது கடைசியில 'ஸ்' வராதுன்னு புக்ல இருக்கு. நான் 'ஸ்'னுதானே சொல்றேன்?

நாம் அப்படித்தான் சொல்கிறோம், ஆங்கிலேயர் அப்படிச் சொல்வதில்லை. தொண்டையில் இரண்டு விரலை வைத்து 'ஸ்ஸ்ஸ்' என்று பாம்பு மாதிரி சீறுங்கள். விரலுக்கு ஒன்றும் தெரியாது. இப்போது நாக்கை அசைக்காமல் அதையே வண்டு ரீங்காரமாக்குங்கள், விரல் அதிரும். 'கேட்ஸ்' கடைசியில் சீறல், 'டாக்ஸ்' கடைசியில் ரீங்காரம், 'பஸ்ஸஸ்' கடைசியில் ஓர் உயிரோடு சேர்ந்த ரீங்காரம். அதிராத மெய்க்குப் பின் சீறல், அதிர்வுள்ள ஒலிக்குப் பின் ரீங்காரம், ச, ஷ, ஜ வகை ஒலிகளுக்குப் பின் மூன்றாவது வடிவம்.

பன்மை என்ற ஒரே உருபனுக்கு மூன்று வடிவம், இவை அலோமார்ஃப்கள். அலோஃபோன் பதிலில் பார்த்த அதே யோசனை, ஒரு படி மேலே. செய்தான், உண்டான், சென்றான், ஓடினான் என்பவற்றில் த், ட், ற், இன் என்று நான்கு இடைநிலைகள் ஒரே இறந்தகாலத்தைக் காட்டுவதை நன்னூலில் படித்தவர்களுக்கு இதில் சிரமமே இருக்காது.

ட்ரீ டயக்ராம் எதுக்கு வரையணும்? வாக்கியம்தான் நேராப் புரியுதே.

'பழைய புத்தகக் கடை' என்று ஒரு பலகை. பழையது புத்தகமா, கடையா? சொற்கள் அதே, வரிசை அதே, பொருள் இரண்டு. ஏனென்றால் எது எதோடு முதலில் சேர்கிறது என்பது நேர்கோட்டில் தெரியாது. 'ஐ சா தி மேன் வித் தி டெலஸ்கோப்' என்பதிலும் தொலைநோக்கி யார் கையில் இருக்கிறது என்பது இப்படித்தான். இரண்டு மரம் வரைந்தால் இரண்டு பொருளும் கண்முன் நிற்கும்.

எது ஒரு கொத்து என்று தெரிய, அதை எடுத்துவிட்டு ஒரே சொல்லைப் போட்டுப் பாருங்கள். 'தி ஓல்ட் மேன் நெக்ஸ்ட் டோர்' முழுவதையும் 'ஹீ' என்று மாற்ற முடிகிறது. அதனால் அது ஒரு ஃப்ரேஸ். எழுவாயும் அதற்கான வினையும் சேர்ந்து இருந்தால் கிளாஸ் (வகுப்பைக் குறிக்கும் சொல் அல்ல இது).

அர்த்தமே இல்லாத வாக்கியத்தை சாம்ஸ்கி ஏன் எழுதினார்?

அமெரிக்க மொழியியலாளர் சாம்ஸ்கியின் நூலில் 1957-இல் வந்த அந்த 'கலர்லெஸ் க்ரீன் ஐடியாஸ் ஸ்லீப் ஃப்யூரியஸ்லி'-யைத்தான் கேட்கிறீர்கள். நிறமற்ற பச்சை எண்ணங்கள் ஆவேசமாகத் தூங்குகின்றன. பொருள் இல்லை, ஆனால் ஆங்கிலம்தான் என்று காது ஒத்துக்கொள்கிறது. அதே ஐந்து சொல்லைக் கடைசியிலிருந்து திருப்பிச் சொன்னால் ஒத்துக்கொள்வதில்லை. அப்படியென்றால் தொடரமைப்பு பற்றிய அறிவு பொருள் பற்றிய அறிவிலிருந்து தனியாக நம்மிடம் இருக்கிறது. அதைக் காட்டத்தான் எழுதினார்.

ஹோமோனிமி, பாலிசெமி: ரெண்டுலயும் ஒரே சொல்லுக்கு ரெண்டு அர்த்தம்தானே?

மாலை நேரத்துக்கும் கழுத்தில் போடும் மாலைக்கும் சம்பந்தம் தோன்றவில்லை: ஹோமோனிமி, தற்செயலாக உரு ஒத்த இரண்டு சொல். முகத்தில் உள்ள கண்ணும் தேங்காய்க் கண்ணும் ஒரே சொல் நீண்டு போனது: பாலிசெமி. ஆங்கிலத்தில் மனிதனின் 'மவுத்', ஆற்றின் 'மவுத்' இந்த வகை.

ஹோமோனிமிக்கு எல்லாப் புத்தகமும் தரும் உதாரணம் 'பேங்க்': ஆற்றங்கரை, பணம் போடும் இடம். இன்றைக்குப் பேசுகிறவர் மனதில் இவை இரண்டு சொல்தான். ஆனால் வேரைத் தேடிப் போனால் இரண்டும் ஒரே பழைய ஜெர்மானியச் சொல்லில் போய் முட்டுகின்றன. பணத்துக்கான 'பேங்க்' வட்டிக்காரர் உட்கார்ந்த பலகையைக் குறித்து இத்தாலி வழியாகச் சுற்றி வந்தது. எது சரியான பதில்? அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

சின்க்ரோனிக், டயக்ரோனிக்னு சசூர் பிரிச்சாராம். அதனால நமக்கென்ன?

'பேங்க்' விஷயத்தில் இரண்டு பதிலும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்பதற்கு இதுதான் விடை. இன்று மொழி எப்படி இயங்குகிறது என்று பார்ப்பது சின்க்ரோனிக். காலத்தில் எப்படி மாறிவந்தது என்று பார்ப்பது டயக்ரோனிக். சுவிட்சர்லாந்து மொழியியலாளரான சசூர் 1913-இல் இறந்தார். மாணவர்கள் எடுத்த குறிப்புகளிலிருந்து அவர் பாடங்கள் நூலாக வந்தது 1916-இல். எல்லாருக்கும் பொதுவான மொழி அமைப்பை அவர் லாங் என்றார், ஒருவர் வாயிலிருந்து வரும் பேச்சைப் பரோல் என்றார்.

அவருக்கு முந்தைய நூற்றாண்டில் பெரும்பாலும் டயக்ரோனிக் வேலைதான் நடந்தது. லத்தீனில் ப வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ஃப வருவதை ஜெர்மன் அறிஞர் கிரிம் 1822-இல் விதியாக எழுதினார்: மீனுக்கு அங்கே 'பிஸ்கிஸ்', இங்கே 'ஃபிஷ்'. இந்தக் கதையில் சென்னைக்கும் இடம் உண்டு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று 1816-லேயே இங்கிருந்து ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் எழுதிவிட்டார்; கால்டுவெல் நூல் அதற்கு 40 ஆண்டு கழித்து, 1856-இல் வந்தது.

'கேன் யூ பாஸ் தி சால்ட்'னு கேட்டா 'எஸ்'னு சொல்லிட்டு சும்மா இருக்கலாமா?

செமான்டிக்ஸ்படி இருக்கலாம். ப்ராக்மாடிக்ஸ்படி உப்பை எடுத்துக் கொடுக்கவேண்டும். கேள்வி உருவத்தில் வந்தாலும் அது வேண்டுகோள். பேசுவதே ஒரு செயல் என்பதை ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஆஸ்டின் 1955-இல் ஹார்வர்டில் உரைகளாகச் சொன்னார். ஸ்பீச் ஆக்ட் என்ற பாடம் அங்கிருந்து வருகிறது. தெருவில் பார்ப்பவர் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் நாம் மெனு சொல்வதில்லை. உறவைத் தொட்டுவைக்கும் இந்தப் பேச்சுக்கு ஃபாட்டிக் என்று பெயர்.

அப்போ நாம பேசுற இங்கிலீஷ் தப்பு இங்கிலீஷா?

முதல் கேள்விக்கான பதிலை மறுபடி படியுங்கள். உச்சரிப்பு மட்டும் வேறுபட்டால் அக்ஸென்ட். சொல்லும் இலக்கணமும் சேர்ந்து வேறுபட்டால் டயலெக்ட். ஆர்.பி.-யும் ஓர் அக்ஸென்ட்தான். 'டேபிள்' என்னும்போது நாம் நாக்கை மடக்கித் தமிழ் ட-வைப் போடுகிறோம், லண்டன்காரர் நாக்கு நுனியைப் பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டில் வைக்கிறார். அது ஒரு வேறுபாடு, அதைக் கவனித்து எழுதலாம். 'போஸ்ட்போன்'-க்கு எதிராக, தேதியை முன்னால் கொண்டுவருவதைச் சொல்லும் 'ப்ரீபோன்' நம் நாட்டு வழக்கு, ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இடம்பிடித்துவிட்டது.

டெஃபினிஷனை எல்லாம் மனப்பாடம் பண்ணணுமா அக்கா?

ஒரு வரி போதும், ஆனால் உதாரணம் உங்களுடையதாக இருக்கட்டும். அலோஃபோனுக்கு எல்லாரும் பின், ஸ்பின் என்றுதான் எழுதுவார்கள். நீங்கள் 'லீஃப்', 'ஃபீல்' இரண்டையும் ஓர் ஆங்கிலச் செய்தி வாசிப்பாளர் சொல்லக் கேளுங்கள். முதல் சொல்லின் ல்-உம் கடைசி ல்-உம் ஒன்றல்ல: கடைசி ல்-இல் நாக்கின் பின்பக்கம் மேலே எழும்பி ஒலி கனத்துப்போகும். கேட்டு, வாயில் சொல்லிப் பார்த்து, அதை எழுதுங்கள்.